எரிபொருள் பயிருக்கு நிலம் தேடும் வரைபடம்: எங்கே சறுக்குகிறது?

சென்னையைச் சுற்றித் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் புங்கம், காட்டாமணக்கு, இனிப்புச் சோளத்துக்கு நிலம் தேடும்போது முதல் தவறு படம் எடுப்பதிலேயே நடக்கிறது. மேகம் இல்லை என்று மே மாதச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில் நெல் அறுத்த வயலும் நிரந்தரத் தரிசும் ஒரே நிறம். வற்றிக் கிடக்கும் ஏரியின் உள்வாய்கூட 'காலி நிலம்' ஆகிவிடும். சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் 'புதர்'. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரிப் படத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது, மழைக்குப் புல்லும் பச்சை காட்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கொரு முறை படம் தருகின்றன. செடி எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதைப் படத்திலிருந்து எண்ணாகக் காட்டும் பசுமைக் குறியீட்டை மூன்று ஆண்டுக்கு வரிசையாகப் பாருங்கள். நடவுக்கு முன் நீர் நின்று, பச்சை மளமளவென ஏறி, அறுவடையில் சட்டென விழுந்தால் அது வயல்.

ஏரியைப் படத்தை மட்டும் நம்பி விலக்காதீர்கள். கிராமத்தின் நில வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு என்று இருந்தால், தண்ணீர் தெரியாவிட்டாலும் விலக்குங்கள். மேய்ச்சல் புறம்போக்கும் அப்படித்தான். ஆடுமாடு மேயும் இடத்தைச் சும்மா கிடக்கும் நிலம் என்று சொல்ல முடியாது.

மண், சாலை என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி நிலத்தின் தகுதியைப் பார்க்கிறார்கள். இத்தகைய விலக்குகளுக்கும் அப்படி மதிப்பெண் கொடுப்பது இன்னொரு கோளாறு. காப்புக்காட்டுக்கு 0 மதிப்பெண் போட்டாலும், நல்ல மண்ணும் சாலை வசதியும் கூட்டுத்தொகையைத் தூக்கி அதைத் 'தகுந்த நிலம்' ஆக்கிவிடும். முதலில் இந்த இடங்களை வெட்டி எடுங்கள், பிறகு மிச்சத்தை எடை போடுங்கள்.

மண் வரைபடத்தின் அளவுத்திட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1:2,50,000 வரைபடத்தில் 5 மி.மீ. சதுரம் தரையில் ஏறத்தாழ 156 ஹெக்டேர். அதை 10 மீட்டர் கட்டங்களாக அறுத்தால் கட்டம்தான் சிறிதாகும், தகவல் நுணுக்கமாகாது. கட்டத்தின் அளவை மாற்றும்போது மண் வகை எண்களுக்குச் சராசரி முறை வேண்டாம்: 2-ஆம் வகைக்கும் 6-ஆம் வகைக்கும் நடுவே, அங்கே இல்லாத 4-ஆம் வகை முளைக்கும். பக்கத்துக் கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் அருகமைக் கட்ட முறையே சரி.

பரப்பளவை அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைக் கணக்கில் எடுக்காதீர்கள்; மீட்டரில் அளக்கும் யுடிஎம் வரைபட முறைக்கு மாற்றுங்கள். சென்னைக்கு அதில் 44 வடக்கு மண்டலம். பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவீட்டு ஆதாரத்தில் வரையப்பட்டவை. அதை மாற்றாமல் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து, பக்கத்து ஊர் நிலத்தைக் காட்டும்.

காட்டாமணக்கு வறண்ட மண்ணில் சாகாது என்பது உண்மை. சாகாதது வேறு, காய்ப்பது வேறு. உயிர்பிழைக்கும் மழையளவைத் தகுதி வரம்பாக வைத்தால் மாவட்டமே 'தகுந்த நிலம்' என்று தெரியும்.

கடைசியில் சிறு துண்டுகளைக் கழியுங்கள். 10 மீட்டர் கட்டம் ஒன்று சுமார் இரண்டரை சென்ட். ஐந்து ஏக்கர் வேண்டுமென்றால் ஒட்டினாற்போல் 203 கட்டமாவது இருக்க வேண்டும்.