தோல், கொழுப்பு, தசை, சிரை: ஊசி மருந்தை உரிய இடத்தில் செலுத்தும் முறை

ஊசி போடப் பழகுபவர்கள் பெரும்பாலும் கை நடுங்காமல் குத்துவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் மருந்து உடலின் எந்த அடுக்கில் போய்த் தங்க வேண்டும் என்ற தெளிவுதான் அதற்கு முன்பே வேண்டியது. பென்சத்தீன் பெனிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தசையில் போட்டால் அது வாரக்கணக்கில் மெல்லக் கரைந்து வேலை செய்யும். அதே மருந்து சிரைக்குள், அதாவது இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்க்குள், போனால் இதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி ஆகிய மூன்றும் மருத்துவரின் குறிப்பில் ஐயமின்றி இருந்தாலொழிய, சிரிஞ்சைக் கையில் எடுக்க வேண்டாம்.

கைகளைக் கழுவிய பின், நோயாளியின் பெயரை நாம் சொல்லி ஆமாம் போட வைக்காமல் அவரையே சொல்லச் செய்து, முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை ஏற்பட்டதா என்று கேட்டு, காலாவதித் தேதியையும் மருந்தின் நிறத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் புதிய சிரிஞ்சும் தேவை. ஊசியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சிரிஞ்சைப் பயன்படுத்துவதும் நோயைப் பரப்பும். தோலை 60 முதல் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது தானாகக் காயும் வரை பொறுக்க வேண்டும். ஊதிக் காய வைப்பது துடைத்த பயனைக் கெடுத்துவிடும்.

தோலுக்குள்ளேயே போடும் ஊசி பெரும்பாலும் காசநோய்த் தோல் பரிசோதனைக்கும் ஒவ்வாமைச் சோதனைக்கும் பயன்படுகிறது. முன்கையின் உட்புறத் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியின் சாய்வான வாய் மேல்நோக்கியிருக்க, 5 முதல் 15 பாகைச் சாய்வில் நுழைத்து 0.1 மில்லிலிட்டர் செலுத்தினால், வெளிறிய சிறு கொப்புளம் எழும். அது எழவில்லையென்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது.

இன்சுலின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்றவை தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் சேர வேண்டியவை. வயிறு என்றால் தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியின் நீளத்துக்கும் கொழுப்பின் தடிமனுக்கும் ஏற்ப 45 அல்லது 90 பாகையில் குத்தலாம். இன்சுலின் பேனாவாக இருந்தால், மருந்தைச் செலுத்திய பின் 10 வினாடி பொறுத்து ஊசியை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டிப்பட்டு, இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது.

தசையில் போடும்போது இடத்தைத் தெரிவு செய்வதே வேலையின் பெரும்பகுதி. மேற்கையில் போடுவதானால் சட்டையைச் சற்றே சுருட்டிவிடுவதோடு நிற்காமல் தோள் முழுவதையும் திறந்து, தோளுச்சி எலும்பைத் தொட்டுப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே குத்த வேண்டும். அதைவிட மேலே போனால் தோள்மூட்டு பாதிக்கப்படலாம். அங்கே ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் அளவே பொருத்தம். கைக்குழந்தைகளுக்குத் தொடையின் நடுப்பகுதியில் முன்–வெளிப்புறமே ஏற்ற இடம். பெரியவர்களுக்கு அதிக அளவு மருந்தைச் செலுத்த, புட்டத்தின் பின்புறத்தைத் தேடிப் போகும் பழைய வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அங்கே காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு ஓடுகிறது. அது காயமுற்றால் கால் செயலிழக்கக்கூடும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை அதைவிடப் பாதுகாப்பானது. இடது இடுப்பானால் வலது உள்ளங்கையைத் தொடையெலும்பின் மேல்முனைப் புடைப்பில் வைத்து, ஆள்காட்டி விரலை இடுப்பெலும்பின் முன்முனையில் நிறுத்தி, நடுவிரலை அவ்வெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிப் பின்னோக்கி விரிக்கும்போது, இரு விரல்களுக்கும் இடையே அமையும் முக்கோணத்தின் நடுவில் 90 பாகையில் குத்த வேண்டும். இரும்புச்சத்து போன்று தோலில் கறையேற்றும் மருந்தானால், தோலை 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஒருபுறம் இழுத்துப் பிடித்துப் போட்டு, 10 வினாடி கழித்து ஊசியை எடுத்த பிறகே தோலை விட வேண்டும். ஊசி சென்ற பாதை அப்போது மூடிக்கொள்ளும்.

சிரைவழி மருந்து உடனே உடலெங்கும் பரவுவதால், தவறைத் திரும்பப் பெற வழியில்லை. கட்டுப்பட்டையை இறுக்கி, புடைத்த சிரைக்குள் குறைந்த சாய்வில் நுழைந்து, இரத்தம் தெரிந்ததும் பட்டையைத் தளர்த்திவிட வேண்டும். அதன் பிறகே மருந்து, அதுவும் குறித்த வேகத்தில். வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை அவசரமாக ஏற்றினால் உடல் சிவந்து இரத்த அழுத்தம் சரியும். அடர் பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாகச் செலுத்துவது உயிரைப் பறிக்கும். செலுத்தும்போது அந்த இடம் வீங்கினாலோ வலித்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

எந்த வழியானாலும் ஊசி போட்ட பின் மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். அது தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுவது. ஊசி போடும் இடத்தில் அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், குத்துபடாத பெட்டியில் அப்படியே இட்டு, பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி அப்புறப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்து, அளவு, இடம், நேரம் ஆகியவற்றை உடனுக்குடன் பதிவேட்டில் எழுத வேண்டும்.