போன் லாக்கைத் திறக்கக் காசு கொடுக்கும் முன்

நெட்வொர்க் லாக் (ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் பூட்டு) உள்ள போனைத் திறக்க, கோட் விற்பவர்களிடம் ஓடாதீர்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, லாக் போட்ட நெட்வொர்க்கிடமே முதலில் கேளுங்கள். ஒப்பந்தமும் தவணையும் முடிந்திருந்தால் பெரும்பாலும் இலவசமாகவே திறந்து தருவார்கள்.

சிம்மில் உள்ள ஐஎம்எஸ்ஐ என்ற அடையாள எண்ணின் முதல் 5 அல்லது 6 இலக்கங்கள் நாட்டையும் நெட்வொர்க்கையும் குறிப்பவை. அவை தனக்குள் பதிந்திருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் போன் அந்த சிம்மை ஏற்காது. ஃபேக்டரி ரீசெட் இந்தப் பதிவை அழிக்காது, அதனால்தான் அதைச் செய்தாலும் லாக் போவதில்லை. திறக்கும் கோட் ஒவ்வொரு போனுக்கும் தனி. குத்துமதிப்பாக அடித்துப் பார்க்க வேண்டாம், சில தப்பு முயற்சிகளுக்குப் பிறகு பல போன்கள் கோட் கேட்பதையே நிறுத்திவிடும். ஐபோனில் கோட் என்பதே கிடையாது. நெட்வொர்க் சொன்னதும் ஆப்பிள் தன் பதிவை மாற்றும். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய்ப் பாருங்கள், 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் வேலை முடிந்தது.

திருட்டுப் பட்டியலில் ஏறிய போனுக்கும், முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு கேட்கும் போனுக்கும் இது எடுபடாது. அவை வேறு பூட்டுகள்.