ஊருக்குப் போகும்போது கோழிகளை ஒப்படைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

சென்னை பக்கம் மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்போது ஏழு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. கோயில் கொடைக்கு நாலு நாள் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "காலையில திறந்து விட்டு, சாயந்திரம் அடைச்சிடுங்கக்கா, போதும்" என்றேன். "இதுல என்ன தம்பி, நம்ம கோழி மாதிரி பாத்துக்கறேன்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் பெட்டை ஐந்துதான். முருங்கை மரத்தடியில் ஒரு கைப்பிடி இறகு கிடந்தது.

அக்கா நாலு நாளும் வந்திருக்கிறார். மூன்றாம் நாள் மட்டும் ஏதோ வளைகாப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் ஐந்து மணிக்கே வந்து, கண்ணில் பட்டதை எல்லாம் விரட்டி உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். செடிக்குள் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு, இருட்டும் நேரத்தில் வந்து பார்த்தால் கதவு மூடியிருக்கிறது. வேறு வழியில்லாமல் முருங்கையில் ஏறியிருக்கின்றன. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அதன்பின் வந்தது பூனையா மரநாயா என்று கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது. "சாயந்திரம்" என்று சொன்னேனே தவிர, எது சாயந்திரம் என்று சொல்லவில்லை.

கோழி வளர்ப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது தீவனத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறோம். ஒரு வேளை தீவனம் குறைந்தால் கோழி சாகாது. ஒரு ராத்திரி கதவு திறந்து கிடந்தால் கூண்டே காலியாகலாம்.

நேரத்தைக் கடிகாரத்தில் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னையில் கார்த்திகை மாதத் தொடக்கத்தில் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடும்; ஆனி, ஆடியில் 6.40 வரை இழுக்கும். மறைந்து கால் மணி, இருபது நிமிடத்துக்குள் கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் அடைந்துவிடும், யாரும் விரட்ட வேண்டியதில்லை. மே மாதம் எழுதிக் கொடுத்த "ஆறரைக்கு மூடவும்" நவம்பரில் மரநாய்க்கோ பூனைக்கோ விருந்தாகிவிடும். நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: தெருவிளக்கு எரிந்ததும் வாங்க, எண்ணிட்டு மூடுங்க. கூண்டுக் கதவில் சாக்பீஸால் பெரிதாக "8" என்று எழுதி வைத்துவிடுவேன். எண்ணச் சொன்னால் மறந்துவிடுவார்கள். எண் கண்ணில் பட்டால் கை தானாக எண்ணும்.

அடுத்த தவறு, நாலு நாள் தீவனத்தையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டுப் போவது. முதல் நாளே பாதியைச் சீய்த்து இறைத்துவிடும். மிச்சத்துக்கு எறும்பு வரும், ராத்திரியில் பெருக்கான் என்கிற பெருச்சாளி வரும். தீவனத்துக்கு வந்த பெருக்கான் முட்டையோடும் குஞ்சோடும் திரும்பிப் போகும். ஐப்பசி மழையென்றால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும். அந்தத் தீவனத்தைத் தின்பதைவிடப் பட்டினி தேவலை. வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளைக்கு நூறு கிராம் கணக்கு. எட்டுக் கோழிக்கு 800 கிராம். அதை நிறுத்து, நாளுக்கு ஒரு கவராகக் கட்டி, மூடி போட்ட பக்கெட்டில் வைத்துவிடுங்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்ததும் ஒரு கவர் மீதி இருந்தால், ஒரு நாள் யாரும் வரவில்லை என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கருமியாக இருக்காதீர்கள். சாதாரண நாளில் எட்டுக் கோழிக்கு இரண்டு லிட்டர் போதும். கத்திரி வெயிலில் அது நாலாகும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அப்போது தண்ணீர் தீர்ந்துபோனால் மதியத்துக்குள் சுருண்டு விழுந்துவிடும். ஒரு பாத்திரம் எப்படியும் கவிழும் என்று வைத்துக்கொண்டு, நிழலில் இரண்டு இடத்தில் கனமான மண்சட்டியாக வையுங்கள். மே மாதம் முழுநாளும் வெளியூர் என்றால், மதியம் ஒரு தடவை வந்து தண்ணீர் மாற்ற ஆள் இல்லாமல் கிளம்புவது சரியில்லை.

"எதுக்கு இவ்வளவு பாடு, கோழி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் விட்டுவிடலாமே" என்று தோன்றும். எனக்கு இது பிடிக்காத யோசனை. புதிதாக வந்த கோழியை அங்கே இருப்பவை கொத்தி ரத்தம் பார்க்கும். அதைவிடப் பெரிய பயம் வெள்ளைக் கழிச்சல். ஒரு கூட்டத்தில் புகுந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிற நோய். பார்க்க நன்றாயிருக்கும் கோழிகூடச் சுமந்து வரும். கோழி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், ஆள் வரட்டும். வருகிறவர் வீட்டிலும் கோழி இருந்தால், நம் வாசலில் ஒரு பழைய ஜோடி செருப்பை வைத்து, உள்ளே அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். அதே மாதிரி, தடுப்பூசியைப் போட்ட கையோடு கிளம்புவதும் வேண்டாம். ஊசி போட்ட ஓரிரு நாள் சில கோழிகள் மந்தமாக நிற்கும்; பழக்கமில்லாதவர் அதைப் பார்த்துப் பதறிவிடுவார், அல்லது நிஜமான நோயை "ஊசிதான் காரணம்" என்று விட்டுவிடுவார். இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். நோய் என்று சந்தேகம் வந்தால் எங்கே கொண்டுபோவது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வெடி வெடிக்கக் காலையில் ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று அரசு நேரம் குறித்திருக்கிறது; நம் தெருவில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் கோழிகளைத் திறந்தே விட வேண்டாம், காற்று வர வழி வைத்துச் சாக்கால் மூடச் சொல்லுங்கள். மிரண்ட கோழி மதில் தாண்டிப் பறந்தால் திரும்பி வருவது கஷ்டம்.

கூலி விஷயம் சுருக்கம்: முட்டை எல்லாம் பார்த்துக்கொள்பவருக்கே. அப்போதுதான் தினமும் எடுப்பார்கள். எடுக்காத முட்டைக்குப் பாம்பு வரும், கோழியே கொத்திக் குடித்தும் பழகிவிடும். ஒரு கோழி செத்துப்போனால் என்ன செய்வது என்பதையும் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், உடனே போன் செய்ய வேண்டும்.

இப்போதும் எங்கள் கோழிகளைப் பார்த்துக்கொள்வது அதே அக்காதான். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் அவரையே மூடச் சொல்லி நான் பக்கத்தில் நிற்பேன். ஊரில் இருக்கும்போது தினமும் ராத்திரி கூண்டுக்குள் டார்ச் அடித்து ஒரு போட்டோ அனுப்புவார். போன பொங்கலுக்கு வந்த போட்டோவில் ஏழுதான் இருந்தது. உடனே கூப்பிட்டேன். "இரு தம்பி" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே போனார். ஏதோ உருளும் சத்தம், ஒரு சீறல், அப்புறம் அக்காவின் "ஐயோ!". எட்டாவது, மூலையில் கிடந்த பழைய கூடைக்குள் அடைக்கு உட்கார்ந்திருந்தது. கையைக் கொத்திவிட்டதாம்.