சமரசத்துக்குப் போகும் சொத்து வழக்கு: இளம் வழக்கறிஞர்களுக்கு

இராமநாதபுரம் கடற்கரையில் உரிமையியல் வழக்கு நடத்துபவரிடம் பெரும்பாலும் வந்து சேர்பவை பாகப்பிரிவினை, பாதை, வேலி, கிணறு பற்றிய தாவாக்களே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதால், இவற்றுள் பலவற்றை நீதிமன்றமே, சமரசர் என்ற நடுநிலையாளர் முன்னிலையில் இரு தரப்பும் பேசித் தீர்க்கும் சமரச மையத்துக்கு அனுப்புகிறது. சமரசம்தானே என்று கேஸ் கட்டைப் பிரிக்காமல் போகும் வழக்கறிஞர் தம் கட்சிக்காரரைக் கைவிடுகிறார். சாட்சி விசாரணைக்குத் தயாராவது போலவே இதற்கும் தயாராக வேண்டும்.

வழக்கு சமரசத்துக்கு உரியதுதானா என்பதை முதலில் பாருங்கள். மோசடி, போலிப் பத்திரம் போன்ற கடுமையான குற்றச்சாட்டு உள்ள வழக்கும், ஊர்ப் பொதுவுக்காகத் தொடுக்கப்பட்ட பிரதிநிதித்துவ வழக்கும் பொதுவாகப் பொருந்தா என்று ஆப்கான்ஸ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரிசுகளில் மைனர் இருந்தால், அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 32 விதி 7-இன்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் சார்பில் உடன்பட முடியாது.

அடுத்து மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இடத்துக்கே போங்கள். சீமைக்கருவேலம் மண்டிய நிலத்தில் சர்வே கல் எங்கே இருக்கிறது என்பதைப் பத்திரம் காட்டாது. நான் சமரசராக இருந்த ஒரு பனந்தோப்பு வழக்கை, அடையாளம் தெரியாத அளவில் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவரும் மூன்று அமர்வுகள் சென்ட் கணக்கிலேயே நின்றார்கள். நான்காவது நாள், ஒரு தரப்பிடம் மட்டும் பேசும் தனி அமர்வில் அண்ணன், தம்பி பங்கில் விழும் நல்ல தண்ணீர்க் கிணற்றில் தம் வீட்டுப் பெண்கள் குடம் வைக்க முடியாமல் போய்விடுமே என்று சொல்லி நெடுநேரம் பேசாமல் இருந்தார். சுற்றிலும் உவர்நீர், அந்த ஒரு கிணறுதான் இனிப்பு. வழக்குரையில் கிணறு என்ற சொல்லே இல்லை. கட்சிக்காரரிடம் பங்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன், அந்த நிலம் கைவிட்டுப் போனால் அன்றாடத்தில் எது நின்றுபோகும் என்று கேளுங்கள். இதை நான் மிகவும் தாமதமாகத்தான் கற்றேன்.

அமர்வில் பேசியது எதுவும் நீதிபதிக்குப் போகாது, தீர்வு வராவிட்டால் 'சமரசம் ஏற்படவில்லை' என்று மட்டுமே சமரசர் எழுதுவார் என்பதை முன்னதாகவே விளக்குங்கள். அப்போதுதான் மனம் திறப்பார்கள். வளைகுடாவில் இருக்கும் பங்காளிக்காக ஒருவர் வந்தால், அவருடைய அதிகாரப் பத்திரத்தில் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

உடன்படிக்கை எழுதும் நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். 'பாதை விடுவது' என்று எழுதினால் அது அடுத்த வழக்குக்கு விதை. உட்பிரிவு எண், நான்கெல்லை, பாதையின் அகலம் எத்தனை அடி, யார் எந்தத் தேதிக்குள் வேலியை அகற்றுவது என்பவற்றை எழுதி, வரைபடத்தையும் இணைத்து, அனைவரும் கையொப்பமிட வேண்டும். வழக்குச் சொத்தில் சேராத நிலத்தையும் அதில் சேர்த்திருந்தால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி உடன்படிக்கையின் பேரில் நீதிமன்றம் தரும் தீர்ப்பாணையைப் பதிவு செய்தாக வேண்டும். சமரசம் முடிந்ததும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவின்கீழ் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெற அன்றே மனு போடுங்கள். வெளியே பேசித் தீர்த்த வழக்குக்கும் அது உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.