கமோலியும் போர்த்தோஃபீனோ முனையும்: சுற்றிப் பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியக் கடற்கரையில், ஜெனோவா நகருக்குக் கிழக்கே ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய சிற்றூர் கமோலி. அதற்குத் தெற்கே போர்த்தோஃபீனோ மலைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஊர், மலைப்பாதை, கடல் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். தூரங்கள் சிறியவைதாம். ஆனால் 610 மீட்டர் உயரமுள்ள மலை ஏறக்குறைய செங்குத்தாகக் கடலில் இறங்கும் நிலப்பகுதி இது. இங்கு பயணிகள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை, திரும்பி வரும் வழியை முடிவு செய்யாமலேயே புறப்பட்டுவிடுவதால் நேர்பவை.

முதல் குழப்பம் ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஊரின் நிலையத்துக்கு ‘கமோலி–சான் ஃப்ருத்துவோசோ’ என்று பெயர். அந்தப் பலகையைப் பார்த்து, புகழ்பெற்ற சான் ஃப்ருத்துவோசோ மடாலயம் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் பலர். மடாலயம் மலைமுனையின் மறுபுறத்துக் குடாவில் இருக்கிறது. அங்கு செல்லச் சாலையே கிடையாது. படகில் போகலாம் அல்லது மலையேறி நடந்து போகலாம். அடுத்து வரும் ‘சாந்தா மார்கெரிட்டா லிகூரே–போர்த்தோஃபீனோ’ நிலையமும் இதே போலத்தான். அது சாந்தா மார்கெரிட்டாவில் இருக்கிறது. போர்த்தோஃபீனோ அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், பேருந்திலோ படகிலோ கடலோரமாக நடந்தோ போக வேண்டும். காரில் வருவது இன்னும் மோசம்: தெருக்கள் குறுகியவை, வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ரயிலே சிறந்தது, காகிதப் பயணச்சீட்டு வாங்கியவர்கள் மட்டும் நடைமேடையில் உள்ள பொறியில் முத்திரையிட்ட பிறகே ஏற வேண்டும். மறந்தால் அபராதம் விதிப்பார்கள்.

சான் ஃப்ருத்துவோசோவுக்குப் படகில் செல்ல அரை மணி நேரம் போதும். கமோலித் துறைமுகத்தில் சீட்டு வாங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றும், மாலையில் கடல் எப்படி இருக்கும் என்றும் கேட்டுவிட வேண்டும். தென்மேற்கிலிருந்து ‘லிபேச்சோ’ காற்று வீசத் தொடங்கினால் அலை எழும்பும். காலையில் ஓடிய படகு மாலையில் ஓடாது. அப்போது குடாவில் நிற்பவருக்கு எஞ்சுவது நடந்து போவதுதான். ஆகவே கடைசிப் படகை நம்பி இருக்காமல் அதற்கு முந்தைய படகிலேயே திரும்புவதாகத் திட்டமிடுவது நல்லது. கடல் சந்தேகமாக இருக்கும் நாளில், போர்த்தோஃபீனோவுக்குச் செல்லும் மலைப்பாதையில் நடப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்துவிட்டால் பேருந்து கிடைக்கும்.

நடந்தே போக விரும்புவோர் செய்யும் தவறுதான் இந்த வட்டாரத்தில் மிகவும் ஆபத்தானது. கமோலியிலிருந்து நீண்ட படிக்கட்டுகள் வழியாக, ஒரு மணி நேரத்துக்குள், 221 மீட்டர் உயரத்தில் உள்ள சான் ரோக்கோ தேவாலய முற்றத்தை அடையலாம். அங்கிருந்து மடாலயத்துக்கு இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று, மரநிழலில் ஏறி, பியெத்ரே ஸ்த்ரெத்தே என்னும் பாறையிடுக்கைக் கடந்து குடாவுக்கு இறங்குவது. கமோலியிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். மற்றொன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கித் தளங்கள் இருக்கும் பத்தெரியே வழியாகக் கடலோரமாகவே செல்வது. வரைபடத்தில் இரண்டாவது பாதை கடலை ஒட்டியே போவதால், அது சமதளமாகவும் எளிதாகவும் இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பத்தெரியே வரைக்கும் அந்த எண்ணம் பொய்க்காது. கான்கிரீட் அரண்களைத் தாண்டிய பிறகு பாதை பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டு, சங்கிலியைப் பிடித்துக் கடக்க வேண்டிய இடங்களோடு தொடர்கிறது. கீழே நேராகக் கடல். மலையேற்றப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என வகைப்படுத்தப்பட்ட பாதை அது. குழந்தைகளோடு வருபவர்கள், உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்கள், செருப்பு அணிந்தவர்கள் பத்தெரியேயில் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். திரும்பி வருவதில் எந்தக் குறையும் இல்லை. அந்த அரண்களின் பக்கத்திலிருந்து தெரியும் கடலே அவ்வளவு தூரம் நடந்ததற்குப் போதுமானது.

பாதையின் மண்ணையும் கவனிக்க வேண்டும். இந்த மலைமுனையின் தென்பகுதி கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்த ஒரு வகைப் பாறையால் ஆனது. உதிர்ந்த உருண்டைக் கற்கள் பாதையில் கிடந்து காலடியில் உருளும். மழைக்குப் பின் பாறையும் வேரும் ஒன்றுபோல வழுக்கும். பிடிப்புள்ள அடியுடைய காலணி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது, பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பில் தீட்டிய வட்டம், முக்கோணம் போன்ற குறிகளில் எது தம் பாதைக்கு உரியது என்ற தெளிவு ஆகிய மூன்றும் இல்லாமல் புறப்படக் கூடாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் ஏறத் தொடங்குவது உடலை வதைக்கும் செயல்.

மடாலயத்தை அடைந்தவர்கள் கடற்கரையில் படுத்துக் குளித்துவிட்டு, உள்ளே போகாமலேயே திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்த இவ்விடத்தில், ஜெனோவாவின் தோரியா குடும்பத்தாரின் கல்லறைகள் வெண்பளிங்கும் சாம்பல் நிறக் கல்லும் மாறி மாறி அடுக்கிய வளைவுகளின் கீழ் இருக்கின்றன. 1915இல் வந்த பெருவெள்ளம் தேவாலயத்தின் ஒரு பகுதியை இடித்துச் சென்றது. அது அடித்து வந்த கல்லும் மண்ணும் சேர்ந்து உருவானதுதான் பயணிகள் இன்று துண்டு விரிக்கும் கரை. 1983இல் இந்த மடாலயம் இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையான ‘ஃபாய்’ அமைப்புக்கு நன்கொடையாக வந்தது.

குடாவின் அடியில் நிற்கும் ‘ஆழ்கடல் கிறிஸ்து’ சிலையைப் படகிலிருந்தே பார்த்துவிடலாம் என்று எதிர்பார்ப்பதும் பொதுவான தவறு. குயிதோ கல்லெத்தி வடித்த இந்த வெண்கலச் சிலை 1954 ஆகஸ்டில் கடலடியில் நிறுவப்பட்டது. சேதமுற்றிருந்ததால் 2003இல் வெளியே எடுக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2004இல் மீண்டும் இறக்கப்பட்டது. இருக்கும் ஆழம் சுமார் 17 மீட்டர். நீர் மிகத் தெளிவாக உள்ள நாளில் முகமூடி அணிந்து மேலே நீந்துபவருக்கு, மேல்நோக்கி விரித்த கைகளின் மங்கலான உருவம் தெரியலாம். முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் மூழ்கு பயிற்சிச் சான்றிதழோடு, முன்பதிவு செய்து, உள்ளூர் மூழ்கு மையத்தின் வழிகாட்டியோடு இறங்க வேண்டும்.

இந்தக் கடலுக்கென்று விதிகள் இருப்பதைப் பலர் அறிவதில்லை. 1999இல் அமைந்த போர்த்தோஃபீனோ கடல்சார் காப்பகத்தில் மூன்று மண்டலங்கள் உண்டு. அவற்றில் ஏ மண்டலமான காலா தெல்லோரோ குடாவில் படகு ஓட்டுவதும் நீந்துவதும் தடை செய்யப்பட்டவை. அங்கு யாருமே இல்லாமல் நீர் பச்சையாகத் தெரிவதைக் கண்டு கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து உள்ளே நுழைபவர்கள் அபராதத்தோடு திரும்புவார்கள். கமோலிக்கும் பூந்தா கியாப்பா முனைக்கும் இடையே, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, மீனவர்கள் ‘தொன்னரெல்லா’ என்னும் நிலைவலையைக் கட்டி வைத்திருப்பார்கள். சில நூற்றாண்டுகளாகத் தொடரும் இந்த வலையின் பெரும்பகுதி தேங்காய் நாரால் பின்னப்படுகிறது என்பது நம்மவர்களை நின்று பார்க்க வைக்கும் செய்தி. மிதவைகளைக் கண்டால் விலகிச் செல்ல வேண்டும். அது ஊராரின் பிழைப்பு.

கமோலியின் கரை மணல் அல்ல, கூழாங்கல். ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி இல்லாதவர்கள் இரண்டு அடி வைப்பதற்குள் வருந்துவார்கள். குடைகள் வரிசையாக நிற்கும் பகுதி பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் இடம். இலவசக் கரை தனியே இருக்கிறது. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது, ஏனெனில் இங்கு கரையிலிருந்து சற்று நகர்ந்தாலே ஆழம். அழகாக இருக்கிறதே என்று கற்களைப் பையில் போட்டுக்கொள்வதும் இத்தாலியச் சட்டப்படி தண்டனைக்குரியது. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவலை 1530 என்ற எண்ணிலும், மற்ற அவசரங்களுக்கு 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இலையுதிர் காலத்தில் கூட்டம் குறைவு என்று அக்டோபரையும் நவம்பரையும் தேர்ந்தெடுப்பவர்கள், லிகூரியாவில் பெருமழை பெய்யும் காலமும் அதுவே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 2018 அக்டோபர் 29 அன்று அடித்த புயலில் சாந்தா மார்கெரிட்டாவிலிருந்து போர்த்தோஃபீனோவுக்குச் செல்லும் சாலையே இடிந்து விழுந்தது. அது மீண்டும் திறக்கப்பட அடுத்த வசந்தம் வரை ஆயிற்று. மாநில நிர்வாகம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் எச்சரிக்கை வெளியிடும். ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் மலைப்பாதையை நினைத்துப் பார்க்கவே கூடாது. என் கருத்தில் மே மாதமும் செப்டம்பரின் முதல் பாதியுமே சிறந்தவை. மே மாத இரண்டாம் ஞாயிறு மட்டும் மீன் திருவிழாவுக்கு உரியது. மாபெரும் வாணலியில் மீன் பொரித்துத் தருவதைக் காண ஊர் நிரம்பி வழியும். விழாவுக்காக வருபவர்கள் அன்று வரட்டும், நடைக்காக வருபவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளட்டும்.

படகுத்துறையைத் தவிர கமோலியில் எதையும் பார்க்காமல் போவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. கரையோரம் நிற்கும் உயரமான வீடுகளை நிதானமாகப் பார்த்தால், சில சாளரங்களும் கல் வேலைப்பாடுகளும் வெறும் வண்ண ஓவியங்கள் என்பது புலப்படும். துணி காயும் சாளரம் மட்டுமே நிச்சயமாக உண்மையானது. போஸ்கெத்தோ மாதா ஆலயத்தில், புயலில் பிழைத்து வந்த மாலுமிகள் நேர்ந்துகொண்டு அளித்த கப்பல் ஓவியங்கள் இருக்கின்றன. மதிய உணவை மூன்று மணிக்குத் தள்ளிப்போட்டால் பெரும்பாலான உணவகங்களின் அடுப்பு அணைந்திருக்கும். அப்போது ஃபொக்காச்சா என்னும் தட்டை ரொட்டி விற்கும் கடைகள்தான் கைகொடுக்கும். அண்டை ஊரான ரெக்கோவின் பாலாடைக்கட்டி ஃபொக்காச்சாவில் மீனோ இறைச்சியோ சேராது. நெத்திலி தூவிய வகைகளும் அதே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் என்பதால் வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது.