ஹார்டு டிஸ்க்கைத் தரவு மீட்புக்குக் கொடுக்கும் முன்: கட்டணமும் வேலைத் தரமும்

ஒரு டிபி டிஸ்க் கெட்டுவிட்டது, எவ்வளவு ஆகும் என்று தொலைபேசியில் கேட்டவுடன் ஒரு தொகையைச் சொல்லிவிடும் கடையைவிட, டிஸ்க் கீழே விழுந்ததா, என்ன சத்தம் வருகிறது, கணினியில் அதன் பெயர் தெரிகிறதா என்று திருப்பிக் கேட்கும் கடையே பெரும்பாலும் நம்பத் தகுந்தது. தரவு மீட்பில் கட்டணத்தைத் தீர்மானிக்க வேண்டியது டிஸ்க்கின் கொள்ளளவு அன்று, பழுதின் வகையே. தரவு உங்களுக்கு எவ்வளவு அரியது என்பதும் கட்டணத்துக்கு அளவுகோல் ஆகக் கூடாது. ஆகவே எந்தக் கோப்புறைகள் முதலில் வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். அவை இல்லாவிட்டால் தொழிலே முடங்கும் என்ற கதையைக் கடையில் சொல்ல வேண்டியதில்லை.

கோப்புகளைத் தவறுதலாக அழித்ததும் ஃபார்மேட் செய்துவிட்டதும் எளிய வகையைச் சேர்ந்தவை. கருவி நலமாக இருப்பதால் மென்பொருளும் நேரமுமே செலவு. அழிந்த கோப்புகள் இருந்த அதே டிரைவில் எதையும் புதிதாக எழுதாமல் இருந்தால் ஹார்டு டிஸ்க்கில் வாய்ப்பு அதிகம். சுழலும் தகடின்றிச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு: அழித்த கோப்பின் இடம் இனித் தேவையில்லை என்று டிரைவுக்குத் தெரிவிக்கும் ட்ரிம் கட்டளை இயங்கிவிட்டால் அழித்தவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அதையும் உறுதியாக எடுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

டிஸ்க் சுழல்கிறது, ஆனால் படிக்கத் திணறுகிறது என்றால் வேலை கனக்கிறது. இங்கே தேர்ந்தவர் செய்யும் முதல் காரியம், கோப்புகளைத் தேடுவதற்கு முன்பே டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பதுதான். டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளான செக்டர்களில் நலமானவற்றை முதலில் படித்து, கெட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று, அவற்றுக்குப் பின்னர் திரும்பி வரும் பிசி-3000 போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. இவ்வேலை சில நாள்கள் பிடிக்கலாம், அதற்கேற்ற கட்டணமும் நியாயமே. மாறாக, பழுதான டிஸ்க்கை நேராகக் கணினியில் செருகி, விண்டோஸின் பிழைதிருத்தும் நிரலான செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்ப்பவர் எஞ்சியிருப்பதையும் கெடுத்துவிடக்கூடும்.

அதிகச் செலவும் அதிக ஏமாற்றும், தரவைப் படித்து எழுதும் நுண்முனையான ஹெட்டின் பழுதில்தான். டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் அதன் வழக்கமான அடையாளம். அதைக் கேட்டதும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மறுபடி ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். ஹெட், தரவு பதிந்திருக்கும் சுழல்தகடான பிளாட்டருக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. சாதாரணத் தூசித் துகள் அந்த இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது. எனவே, ஒரு கன அடிக் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100க்கு மேல் இல்லாத, ‘கிளாஸ் 100’ எனப்படும் தூய்மையில் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். இதற்குப் பெரிய அறை தேவையில்லை. வடிகட்டிய காற்று சீராக வீசும் மேடை போதும். அதுவும் இல்லாமல் மின்விசிறிக்குக் கீழே மேசையில் வைத்துத் திறந்த டிஸ்க், அடுத்த இடத்துக்குப் போகும்போது வாய்ப்பில் பெரும்பகுதியை இழந்திருக்கும். குறைந்த கட்டணம் என்று முதலில் போன இடமே இறுதியில் மிகுந்த செலவாக முடிவது இப்படித்தான்.

ஹெட் மாற்ற, அதே மாடலைச் சேர்ந்த, பெரும்பாலும் உற்பத்தித் தேதியும் நெருங்கிய இன்னொரு நல்ல டிஸ்க் வேண்டும். டோனர் எனப்படும் அந்த டிஸ்க் இவ்வேலையில் பலியாகிவிடுவதால், தரவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதன் விலையைக் கேட்பது அநியாயமன்று. ஆனால் உங்கள் டிஸ்க்கைத் திறப்பதற்கு முன்பே அந்த விலையைச் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, 12 வோல்ட் வெளி டிஸ்க்கில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகிவிட்ட பழுதில், டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையான போர்டைக் காப்பதற்காக வைத்த டயோடு என்னும் சிறு பாகம் மட்டும் எரிந்திருப்பதும் உண்டு. அதைச் சரிசெய்ய ஹெட் மாற்றும் கட்டணத்தைக் கேட்டால் வேறு இடம் பாருங்கள். போர்டு முழுதும் போயிருந்தால், அதே மாதிரி போர்டைப் பொருத்தினால் போதும் என்ற பழைய யோசனை இன்று பெரும்பாலும் பலிப்பதில்லை. அந்தந்த டிஸ்க்குக்கு உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருப்பதால், அதையும் எடுத்துப் புதிய போர்டில் பற்றவைக்க வேண்டும்.

டிஸ்க்கைக் கொடுக்குமுன் பழுதறியும் கட்டணம், மீட்புக் கட்டணம், டோனர் விலை, ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உங்கள் ஒப்புதல் இல்லாமல் டிஸ்க்கைத் திறக்கக் கூடாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். திறந்த பிறகு தொகை ஏறினால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இராது. வேலை அங்கேயே நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும், ஏனெனில் வாங்கி வேறு ஊருக்கு அனுப்பும் இடைக் கடைகளும் உண்டு. ‘தரவு இல்லையேல் கட்டணம் இல்லை’ என்ற உறுதிமொழி, எது கிடைத்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்று வரையறுக்காதவரை வெறும் சொல்தான். முக்கியமான கோப்புறைகளின் பெயரை எழுதி, அவை திறந்தால் மட்டுமே முழுக் கட்டணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கிறதே என்று டிஸ்க்கை மாற்றக் கொடுத்துவிடவும் வேண்டாம். வாரண்டி பொதுவாகக் கருவிக்கு மட்டுமே, உள்ளிருக்கும் தரவுக்கு அன்று.

பணத்தைக் கொடுக்கும் முன் கோப்புப் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பெயரும் அளவும் சரியாகத் தெரியும், உள்ளே வெறும் சுழியங்களே இருக்கும் கோப்புகள் இத்தொழிலில் சாதாரணம். காணொளியை நடுவில் ஓட்டிப் பாருங்கள். ஜிப் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். கணக்குக் கோப்பை அதன் மென்பொருளிலேயே திறக்கச் சொல்லுங்கள். மீட்டவற்றைப் பழைய டிஸ்க்கில் அல்லாமல் புதியதொன்றில் வாங்கி, வீட்டுக்கு வந்த அன்றே இன்னொரு நகல் எடுத்த பிறகு, கடையில் தங்கியிருக்கும் நகலை எந்தத் தேதியில் அழிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திறந்த டிஸ்க்கையும் கழற்றிய பாகங்களையும் மறக்காமல் திரும்பப் பெறுங்கள்.