பாய்லரின் முள் கீழே இறங்கும்போது

பிரித்தானியாவில் வாடகை வீட்டில் புதிதாகக் குடியேறியவர்கள், முதல் குளிர்காலத்தின் ஏதோவொரு காலையில் ரேடியேட்டர்கள் சில்லிட்டுக் கிடப்பதையும், வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சி அனுப்பும் பாய்லரின் திரையில் ஒரு குறியீடு மின்னுவதையும் பார்த்துக் கலங்கிப்போவதுண்டு. வேலன்ட் பாய்லர்களில் எஃப் 22 என்றும், ஐடியல் பாய்லர்கள் பலவற்றில் எஃப் 1 என்றும் தெரியும் அந்தக் குறியீட்டுக்குப் பொருள், குழாய்களுக்குள் நீரின் அழுத்தம் குறைந்துவிட்டதால் பாய்லர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது என்பதே.

ஊரில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் குழாயைத் திறந்தால் செலவாகிவிடும். இங்கே ரேடியேட்டர்களில் ஓடும் நீர் அப்படிச் செலவாவதன்று. ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் ஒன்றாகவே பயன்படும் காம்பி பாய்லர் உள்ள வீட்டில், ஒருமுறை நிரப்பிய அதே நீர்தான் சூடேறி, அறைகளைச் சுற்றி, ஆறித் திரும்பி, மறுபடியும் சூடேறுகிறது. குளியலறையில் வரும் வெந்நீர் வேறு வழியாக வருவது. ஆகவே அழுத்தம் திரும்பத் திரும்பக் குறைந்தால், அந்த நீர் எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். ரேடியேட்டரில் சிக்கிய காற்றை நீங்களே திறந்துவிட்டிருந்தால் மட்டும், ஒருமுறை அழுத்தமானியின் முள் இறங்குவது இயல்பு.

பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தமானியின் முள் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை நிற்க வேண்டும். ஹீட்டிங் ஓடும்போது நீர் விரிவதால் அது 2 பாரை நெருங்கினாலும் கவலையில்லை. குறைந்துவிட்டால் மீண்டும் நிரப்புவதற்கென்று, பல வீடுகளில் பாய்லருக்கு அடியில் வெள்ளிநிறப் பின்னல் போர்த்திய சிறு குழாய் ஒன்று இருக்கும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அக்குழாயின் இரு முனைகளிலும் உள்ள வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் 1.5-ஐ நெருங்குமுன் இரண்டையும் இறுக மூட வேண்டும். சில மாடல்களில் இதற்கெனச் சாவியோ இழுக்கும் பிடியோ இருக்கும் என்பதால், கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுவது நல்லது.

நிரப்புவது சிகிச்சையன்று, எத்தனை நாளில் மீண்டும் இறங்குகிறது என்பதைக் கவனிக்கவே அது உதவும். காலையில் பாய்லர் ஆறியிருக்கும்போதும், ஹீட்டிங் ஒரு மணி நேரம் ஓடிய பின்பும் முள்ளைப் பார்த்து ஒரு வாரம் குறித்து வைத்தால், பழுது எங்கே என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

சூடாகும்போது முள் 3 பார் வரை ஏறி, ஆறியதும் பூச்சியத்தை நோக்கி விழுந்தால், விரிவுக் கலத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நீர் விரியும்போது அதற்கு இடம் கொடுப்பதற்காக, ரப்பர் சவ்வின் ஒருபுறம் காற்று அடைத்த கலம் அது. சைக்கிள் டியூபைப் போல அதிலும் காலப்போக்கில் காற்று இறங்கிவிடும். இடமில்லாத நீர் முட்டி மோத, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாய் வழியாக நீரைக் கொட்டிவிடுகிறது. அக்குழாயின் முனையில் ஈரமோ வெண்ணிறச் சுண்ணக் கறையோ இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். ஒருமுறை திறந்த வால்வில் அழுக்கு சிக்கி அது முழுமையாக மூடாமல் போவதுண்டு என்பதால், காற்றை மட்டும் நிரப்பிவிட்டுப் போகும் பொறியாளரிடம் வால்வையும் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஹீட்டிங் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முள் சீராக இறங்கினால், கசிவைத் தேட வேண்டும். ரேடியேட்டர்களின் இரு புறமும் உள்ள வால்வுகளைச் சுற்றி, அவை ஆறியிருக்கும் நேரத்தில் காகிதக் கைக்குட்டையை ஒற்றிப் பாருங்கள். சூட்டில் துளிகள் ஆவியாகிவிடும், பச்சையோ துருவோ படிந்த தடம் மட்டும் மிஞ்சும். கீழ்த்தளத்துக் கூரையில் மஞ்சள் கறை படர்ந்திருந்தால் தரைக்கடியில் ஓடும் குழாயில் பழுது இருக்கலாம். எங்குமே ஈரம் இல்லையென்றால், பாய்லருக்குள் எரிவாயுவின் சூட்டை நீருக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றி விரிசல் கண்டு, நீர் வடிகுழாய் வழியே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கலாம். பாய்லருக்கு அடியிலுள்ள வால்வுகளை மூடிக் குழாய்களிலிருந்து அதைப் பிரித்துவிட்டு, அப்போதும் முள் இறங்குகிறதா என்று பார்த்தே பொறியாளர் இதைக் கண்டுபிடிப்பார்.

வாரந்தோறும் நிரப்பியே ஒப்பேற்றலாம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் புதிய நீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகிறது. துருவைத் தடுக்கச் சேர்த்திருக்கும் மருந்தும் நீர்த்துப்போகிறது. ரேடியேட்டர்களின் அடியில் கருஞ்சேறு படிந்தால், சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியது பெருஞ்செலவாகிவிடும்.

பாய்லரின் மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். எரிவாயு வேலையைச் செய்ய வருபவர் சட்டப்படி அனுமதி பெற்ற பொறியாளர்களின் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது இங்கே மரியாதைக் குறைவாகாது. எரிவாயு வாடை அடித்தால் அழுத்தமானியை ஆராய்ந்துகொண்டிராமல், வெளியேறி 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. இங்கிலாந்தில், 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பொதுவான குறுகியகால வாடகை வீடுகளில் ஹீட்டிங்கையும் வெந்நீர் வசதியையும் பழுதில்லாமல் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. தொலைபேசியில் சொன்னாலும் எழுத்திலும் அனுப்புங்கள். நீங்கள் குறித்துவைத்த தேதிகளும், ஆறியபோதும் சூட்டிலும் முள் காட்டிய அளவுகளும், செப்புக் குழாயின் படமும் அதில் இருந்தால், “நிரப்பிப் பாருங்கள்” என்ற பதிலோடு உங்களைத் திருப்பி அனுப்புவது கடினம்.